வளரும் எஞ்சினுக்குத் தர எண் கொடுக்கலாமா?

மாணவ நண்பர்களே, உங்களில் சிலராவது சதுரங்கம் ஆடுபவர்களாக இருப்பீர்கள். ஆடி முடித்த ஆட்டத்தைக் கணிப்பொறியில் இட்டு, எந்த நகர்த்தலில் கோட்டை விட்டோம் என்று பார்க்கும் பழக்கமும் இருக்கக்கூடும். அவ்வாறு நம் தவற்றைச் சுட்டிக் காட்டும் புரோகிராமுக்குச் சதுரங்க எஞ்சின் என்று பெயர். இன்று இத்தகைய எஞ்சின்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இவற்றுள் எது வலியது, எது அடுத்தது என்று கூறுவதற்காகவே தரப்பட்டியல்கள் இருக்கின்றன. ஸ்வீடன் நாட்டுச் சதுரங்கக் கணிப்பொறிச் சங்கம் 1980களிலேயே இப்பணியைத் தொடங்கிவிட்டது. பின்னர் சி.சி.ஆர்.எல்., சி.இ.ஜி.டி. என்ற பெயர்களில் வேறு குழுக்களும் தோன்றின. இப்பட்டியல்களைத் தயாரிப்போர் ஊதியம் பெறுபவர்கள் அல்லர். தம் சொந்தக் கணிப்பொறிகளை இரவு பகலாக ஓடவிட்டு, எஞ்சின்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, மின்கட்டணத்தையும் தாமே கட்டுகிற ஆர்வலர்கள்.

இவர்களிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. ஆசிரியர் வேலையை முடித்து, எண்ணிட்டு, ‘இதோ, இதுதான் புதிய பதிப்பு’ என்று வெளியிட்டவற்றை மட்டும் பட்டியலில் சேர்ப்பதா? அல்லது, பட்டறையில் இன்னும் இழைப்புளி ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் உள்ள வளர்நிலைப் பதிப்புகளையும் சேர்ப்பதா?

சதுரங்கப் பிரியர்களின் வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று புரட்டிவிடாதீர்கள். நான் சதுரங்கத்தில் சுமாரான ஆட்டக்காரன். ஆனால் இயற்பியல் கற்பிப்பவன். எனக்கு இது சதுரங்கக் கேள்வியாகவே தோன்றவில்லை. மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருளை அளந்து, அந்த அளவை அட்டவணையில் எழுதலாமா என்ற கேள்வியாகவே தோன்றுகிறது. அது நம் ஆய்வுக்கூடத்துக் கேள்வி.

தர எண்ணை நமக்குத் தந்தவரே ஓர் இயற்பியல் பேராசிரியர்தாம். ஆர்பாட் எலோ என்பது அவர் பெயர். 1903-இல் ஹங்கேரியில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா சென்று, மில்வாக்கி நகரில் உள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இலும் ஏற்றுக்கொண்டன.

எலோ முறையின் உயிர்நாடி இதுதான்: தனியாக ஓர் எண்ணுக்குப் பொருள் இல்லை. இரண்டு எண்களின் வேறுபாட்டுக்கே பொருள் உண்டு. மின்னழுத்தத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள் அல்லவா? அங்கும் இதே கதைதான். இருவரின் தர எண்கள் சமமாக இருந்தால், நூறு ஆட்டங்களில் ஆளுக்கு ஐம்பது புள்ளிகள் எதிர்பார்க்கலாம். வேறுபாடு 100 எனில் வலியவருக்கு 64. வேறுபாடு 200 எனில் 76. வேறுபாடு 400 எனில் ஏறத்தாழ 91. வெற்றிக்கு ஒரு புள்ளி, சமனுக்கு அரைப் புள்ளி என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே எஞ்சின் பட்டியலில் காணும் எண்ணை எடுத்துக்கொண்டு, மனிதர்களின் பட்டியலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவது வெறும் வேடிக்கை. இரண்டு குளங்களின் ஆழத்தை வெவ்வேறு கரையிலிருந்து அளந்துவிட்டு ஒப்பிடுவது போன்றது அது.

இனி வளர்நிலைப் பதிப்பு என்றால் என்னவென்று பார்ப்போம். எடுத்துக்காட்டாக ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பட்டியல்களின் உச்சியில் பல ஆண்டுகளாக இருந்து வருவது அதுதான். (ஸ்டாக்ஃபிஷ் என்றால் உப்பிடாமல் காற்றில் உலர்த்திய மீன், நம்மூர்க் கருவாட்டுக்கு உறவுக்காரன். இதை உருவாக்கிய முதல்வர்களில் ஒருவர் நார்வேக்காரர், மற்றொருவர் இத்தாலியர். நார்வேயில் பிடித்து இத்தாலியில் சமைத்தது என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார்களாம்.) 2008-இல் வெளிவந்த இந்த எஞ்சினின் உள்ளடக்கம் முழுவதும் திறந்த புத்தகம். எவரும் படிக்கலாம், எவரும் திருத்தம் கூறலாம். 2013 முதல் இத்திருத்தங்களைச் சோதிக்க ஃபிஷ்டெஸ்ட் என்றோர் ஏற்பாடு நடைபெற்று வருகிறது. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் தம் கணிப்பொறிகளின் ஓய்வு நேரத்தை அதற்குத் தானமாகத் தருகிறார்கள். ஒருவர் ஒரு சிறு மாற்றத்தை முன்மொழிந்தால், மாற்றிய எஞ்சினும் மாற்றாத எஞ்சினும் பல்லாயிரம் விரைவு ஆட்டங்கள் ஆடும். எத்தனை ஆட்டம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. ‘போதும், இது தேறும்’ அல்லது ‘போதும், இது தேறாது’ என்று கணக்கு சொல்லும் வரை ஆடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தளவாடங்களைச் சோதிப்பதற்காக ஆபிரகாம் வால்டு என்ற கணித அறிஞர் வகுத்த முறை இது. தேறிய மாற்றம் எஞ்சினில் சேரும். அந்தக் கணமே ஒரு புதிய வளர்நிலைப் பதிப்பு பிறந்துவிடும். வாரத்திற்குப் பலமுறை கூட இப்படி நிகழ்வதுண்டு.

ஒவ்வொரு மாற்றமும் தருவது பெரும்பாலும் ஒன்றிரண்டு புள்ளிகள்தாம். சில சமயம் அதுவும் இல்லை. ஆனால் சிறு துளி பெருவெள்ளம். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள், ‘இது பதினோராம் பதிப்பு’, ‘இது பன்னிரண்டாம் பதிப்பு’ என்று எண்ணிட்டு வெளியிடுவார்கள்.

வளர்நிலைப் பதிப்புகளைச் சேர்க்க வேண்டும் என்போரிடம் வலுவான ஒரு சான்று உண்டு. அதை மறைத்துவிட்டு நான் என் கட்சியைப் பேசுவது நியாயமாகாது.

2017 டிசம்பரில், டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோ என்ற புரோகிராம் ஸ்டாக்ஃபிஷை வீழ்த்தியது என்ற செய்தி வந்தது. விதிகளை மட்டும் அறிந்துகொண்டு, தனக்குத்தானே ஆடி ஆடிக் கற்றுக்கொண்ட புரோகிராம் அது. 100 ஆட்டங்கள்: 28 வெற்றி, 72 சமன், தோல்வியே இல்லை. உலகம் வியந்தது. ஆனால் சதுரங்க எஞ்சின்களை அறிந்தவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்டார்கள்: ‘வீழ்ந்தது எந்த ஸ்டாக்ஃபிஷ்?’ அது எட்டாம் பதிப்பு. 2016 நவம்பரில் வெளிவந்தது. இடைப்பட்ட ஓராண்டில் அந்த எஞ்சினில் எத்தனையோ திருத்தங்கள் சேர்ந்திருந்தன. ஆனால் ஒன்பதாம் பதிப்பு என்று எவரும் எண்ணிட்டு வெளியிடவில்லை. அது 2018 தொடக்கத்தில்தான் வந்தது. நேர ஏற்பாடு, நினைவக அளவு பற்றியும் வேறு குறைகள் கூறப்பட்டன. ஆயினும் ‘பழைய ஆளோடு மல்லுக்கட்டி வென்றுவிட்டு உலக வீரன் என்பதா?’ என்ற குறை நியாயமானதே. 2018 டிசம்பரில் ‘சயன்ஸ்’ ஏட்டில் விரிவான கட்டுரை வெளியானபோது, ஆசிரியர்கள் அந்தக் குறையை மதித்திருந்தார்கள். முக்கியப் போட்டியில் ஆயிரம் ஆட்டங்கள் ஆடி 155 வெற்றி, 6 தோல்வி, மற்றவை சமன் என்று கணக்குக் காட்டியதோடு, 2018 ஜனவரி மாதத்து வளர்நிலைப் பதிப்பு ஒன்றுடனும் தனியாக ஆடிக் காட்டினார்கள். அதையும் ஆல்ஃபாஜீரோ வென்றது.

ஆக, விஞ்ஞான ஏட்டில் ஒரு முடிவு நிலைபெறுவதற்கே வளர்நிலைப் பதிப்பு தேவைப்பட்டது. வெளியீட்டுப் பதிப்புகளை மட்டும் கொண்ட பட்டியல், சில வேளைகளில் பதினைந்து மாதம் பழைய உலகத்தைக் காட்டும் கண்ணாடியாகிவிடுகிறது. தவிரவும், ‘வெளியீடு’ என்பது இயற்கை விதி அன்று. ஆசிரியரின் மனம் வைத்ததுதான் வெளியீடு. லீலா செஸ் ஜீரோ என்ற எஞ்சினைப் பாருங்கள். ஆல்ஃபாஜீரோவின் வழியைப் பின்பற்றி 2018-இல் தொண்டர்கள் தொடங்கிய முயற்சி அது. அங்கே புரோகிராம் ஒருபுறம், அதற்கு மூளையாக அமையும் நரம்பு வலை ஒருபுறம். புரோகிராம் மாறாதிருக்கையிலேயே வலைகள் ஆயிரக்கணக்கில் பிறந்திருக்கின்றன. இதில் எது வெளியீடு, எது வளர்நிலை? ஒரு கோடு கிழித்துச் சொல்வது கடினம்.

அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். பொறுங்கள். இப்போதுதான் நம் பாடம் வருகிறது.

எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. ஊசலின் அலைவு நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளக்கும்போது, ஓர் அலைவை அளக்காமல் இருபது அலைவுகளை அளந்து வகுக்கச் சொல்கிறோம் அல்லவா? சதுரங்கத்திலும் அப்படியே. ஆட்டங்கள் பெருகப் பெருகப் பிழை குறையும். ஆனால் மெல்லத்தான் குறையும். ஆட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்டங்கள் வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ சமவலிமை உள்ள இரண்டு எஞ்சின்கள் ஆடுகின்றன. பாதி ஆட்டங்கள் சமனில் முடிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆட்டங்கள் ஆடினால், கிடைக்கும் தர எண் வேறுபாட்டில் இருபுறமும் 48 புள்ளிகள் வரை பிழை இருக்கலாம். (நூற்றில் தொண்ணூற்றைந்து தடவை உண்மை இந்த வரம்புக்குள் இருக்கும் என்பது பொருள்.) ஆயிரம் ஆட்டங்கள் ஆடினால் பிழை 15 புள்ளி. பிழையை 2 புள்ளிக்குக் குறைக்க வேண்டுமா? சுமார் 58,000 ஆட்டங்கள் வேண்டும்!

இப்போது நேரத்தைக் கவனியுங்கள். நிதானமான ஆட்டங்களுக்கான சி.சி.ஆர்.எல். பட்டியலில், 40 நகர்த்தல்களுக்குப் பக்கத்திற்கு 15 நிமிடம் என்ற அளவில் நேரம் தருகிறார்கள். ஓர் ஆட்டம் முடியச் சுமாராக ஒரு மணி என்று கொள்ளலாம். ஆயிரம் ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆடினால் 41 நாட்களுக்கு மேல் ஓடிவிடும். அதற்குள் அந்த வளர்நிலைப் பதிப்பு கொள்ளுத் தாத்தா ஆகியிருக்கும். அதன் பேரன்களும் கொள்ளுப் பேரன்களும் பட்டறையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். இத்தனை பாடுபட்டுக் கிடைத்த எண்ணிலும் 15 புள்ளி தடுமாற்றம். ஆனால் இரண்டு பதிப்புகளுக்கு இடையே உண்மையில் உள்ள வேறுபாடோ ஒன்று, இரண்டு. மளிகைக் கடைத் தராசில் ஏலக்காய் ஒன்றை நிறுத்துப் பார்ப்பது போன்ற காரியம் இது.

இதில் மற்றொரு கண்ணி இருக்கிறது. அது இன்னும் நுட்பமானது. பட்டியல்களைப் படிப்பவர்களுள் பெரும்பாலோர் அதில் விழுந்துவிடுகிறார்கள். உங்கள் வகுப்பிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள். இருபது பேர் ஆளுக்கு ஒரு நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் நூறு தடவை சுண்டி, எத்தனை தடவை தலை விழுந்தது என்று எழுதுங்கள். நாணயங்கள் யாவும் ஒரே மாதிரிதான். எல்லோருக்கும் ஐம்பது வரவேண்டும். ஆனால் வராது. ஒருவருக்கு 46 வரும், ஒருவருக்கு 53 வரும். இருபது பேரில் மிக அதிகம் பெற்றவருக்கு எவ்வளவு வரும் தெரியுமா? சராசரியாக 59-ஐ ஒட்டி வரும். இப்போது எலோவின் கணக்கை இந்த நாணயங்களுக்குப் போடுங்கள். நூற்றுக்கு 59 என்றால் 63 தர எண் புள்ளிகள் முன்னிலை! அந்த நாணயத்தை ‘வகுப்பின் தலைசிறந்த நாணயம்’ என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவீர்களா? மறுநாள் அதே நாணயத்தைச் சுண்டினால் மீண்டும் ஐம்பதை ஒட்டித்தான் வரும்.

ஓர் எஞ்சினின் இருபது வளர்நிலைப் பதிப்புகளைப் பட்டியலில் தனித்தனியே சேர்ப்பதும் இதுவேதான். அவை உண்மையில் சமவலிமை உள்ளவை என்றே கொள்வோம். ஒவ்வொன்றும் ஆயிரம் ஆட்டங்கள் ஆடியிருக்கிறது. அவற்றுள் முதலிடத்தில் நிற்பது, உண்மை வலிமையைவிடச் சுமார் 15 புள்ளிகள் உயரத்தில் நிற்கும். வேறு காரணம் எதுவும் இல்லை. இருபது சீட்டு வாங்கியதால் ஒன்றுக்குப் பரிசு விழுந்தது. ஆண்டுக்கு ஒரே பதிப்பை வெளியிடும் எஞ்சினுக்கு ஒரு சீட்டுதான். இரண்டையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது எந்த ஊர் நியாயம்?

பட்டியல் நீண்டுவிடுகிறது என்பதற்காகச் சிலர் ஒரு மருந்து கூறுவார்கள்: எல்லாப் பதிப்புகளையும் சோதிக்கலாம், ஆனால் ஒவ்வோர் எஞ்சினுக்கும் மிகச் சிறந்த பதிப்பை மட்டும் காட்டலாம். சி.சி.ஆர்.எல். பட்டியலை அப்படிச் சுருக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வளர்நிலைப் பதிப்புகளும் கலந்துவிட்டால் இந்த மருந்து நோயைவிடக் கொடியது. பரிசு விழுந்த சீட்டை மட்டும் காட்டி, விழாத பத்தொன்பதை மறைத்துவிடுகிறது அல்லவா!

ஆய்வுக்கூடத்தில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று. ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்கிறார்கள். ஆறு தடவை செய்கிறார்கள். புத்தகத்தில் 980 சென்டிமீட்டர் என்று இருப்பது அவர்களுக்குத் தெரியும். 961, 993 என்று வந்தவற்றை ரப்பரால் அழித்துவிட்டு, 979 வந்ததை மட்டும் மையால் எழுதுகிறார்கள். பொய்யான எண் எதையும் அவர்கள் எழுதவில்லை என்பது உண்மைதான். ஆயினும் பதிவேடு பொய்யாகிவிட்டது. மாணவர்களை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த மில்லிகன், 1913-இல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் கணக்கைத் தந்தார். தொடர்ந்த நாட்களில் ஆராய்ந்த எல்லாத் துளிகளும் இவைதாம் என்றும் எழுதினார். அவருடைய குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் புரட்டியவர்கள் அவற்றில் இன்னும் பல துளிகள் இருப்பதைக் கண்டார்கள். விட்டவற்றுள் பலவற்றை விடுவதற்குத் தக்க காரணம் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தச் சொல் இன்றளவும் அவர் பெயரில் ஒரு கறையாகவே இருந்து வருகிறது.

நண்பர் ஒருவர் என்னிடம் வேறொரு வழியைக் கூறினார். ‘மனிதர்களைப் பாருங்கள். விசுவநாதன் ஆனந்த் 1988-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2007 முதல் 2013 வரை உலக வீரராக இருந்தார். அந்த ஆனந்தும் இந்த ஆனந்தும் ஒரே ஆளா? நாள்தோறும் படித்து, மாறி, வளர்ந்தவர் அவர். மனிதன் எப்போதுமே வளர்நிலைப் பதிப்புதான்! ஆனாலும் உலகப் பட்டியலில் அவருக்கு ஒரே வரிதான். மாதந்தோறும் எண் மாறுகிறது, பெயர் மாறவில்லை. எஞ்சினுக்கும் அப்படி ஒரே வரி கொடுத்துவிட்டால் என்ன?’

அழகான யோசனை. இரண்டு நாட்கள் இதை நான் ஏற்றுக்கொண்டே இருந்தேன். பிறகு மனம் ஒப்பவில்லை. மனிதனுக்கு நாம் ஓடும் எண்ணைக் கொடுப்பது வேறு வழி இல்லாததால். 1988-ஆம் ஆண்டு ஆனந்தை மீண்டும் அழைத்து வந்து, இன்னும் ஐந்நூறு ஆட்டங்கள் ஆடச் சொல்ல இயலாது. எஞ்சினோ அப்படியன்று. 2016-ஆம் ஆண்டு எட்டாம் பதிப்பு இன்றும் அப்படியே இருக்கிறது; ஓர் எழுத்தும் மாறவில்லை. ஐயம் வந்தால் மீண்டும் ஓடவிடலாம். அமெரிக்காவில் ஒருவரும் ஆம்பூரில் ஒருவரும் ஒரே எஞ்சினைச் சோதித்து ஒப்பிடலாம். சோதனையைத் திரும்பச் செய்ய முடிகிற இந்த வசதி மனிதரை அளப்பவர்களுக்குக் கிட்டாத பாக்கியம். பத்துப் பதிப்புகளின் ஆட்டங்களை ஒரே வரியில் கொட்டிக் கலந்தால், அந்த எண் எந்த எஞ்சினுக்கும் உரியதாக இராது. சரிபார்க்கவும் முடியாது.

திரும்பச் செய்ய முடியாமற்போனதற்குப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1997 மே மாதம் நியூயார்க்கில், ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ, உலக வீரர் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றது. ஆட்டங்களுக்கு இடையே பொறியாளர்கள் அதனைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். விதி அதற்கு இடம் கொடுத்தது. அதாவது அந்தப் போட்டியில் ஆடியது ஒன்றன்பின் ஒன்றாக வந்த பல வளர்நிலைப் பதிப்புகள்! போட்டி முடிந்ததும் இயந்திரம் ஓய்வு பெற்றுவிட்டது. மறுபடி ஆடவே இல்லை. ஆறே ஆட்டங்கள். டீப் புளூவின் உண்மையான வலிமை என்ன என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசிக்கொண்டேதான் இருக்க முடியும்.

ஆகவே, என் கருத்தில், வெளியீடா வளர்நிலையா என்பது கேட்க வேண்டிய கேள்வியே அன்று. ‘இதே பொருளை வேறொருவர் எடுத்து மீண்டும் அளக்க முடியுமா?’ என்பதே கேள்வி. ஸ்டாக்ஃபிஷ் போன்ற திறந்த எஞ்சின்களின் ஒவ்வொரு வளர்நிலைப் பதிப்புக்கும், எண்ணும் எழுத்தும் கலந்த தனி அடையாளக் குறி உண்டு. அந்தக் குறி தெரிந்தால், உலகில் எவரும் அச்சு அசலாக அதே எஞ்சினைப் பெற்றுவிடலாம். இது தேறும். ஆனால் ஓர் ஆசிரியர் தம் பட்டறையில் உள்ள பதிப்பைச் சோதிப்பவர் ஒருவருக்கு மட்டும் இரகசியமாக அனுப்பி, ‘இதற்கு எண் போட்டுக் கொடுங்கள்’ என்றால், அது பட்டியலில் ஏறக்கூடாது. எவ்வளவு பெரிய எண் வந்தாலும் ஏறக்கூடாது.

தேறியவற்றை எங்கே வைப்பது? இதற்கு இயற்பியலில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருக்கிறது. அடிப்படைத் துகள்களின் நிறை, ஆயுள் முதலியவற்றைத் தொகுத்து வெளியிடும் அனைத்துலகக் குழு ஒன்று உண்டு. ஒவ்வோர் அளவுக்கும் உலகெங்கும் கிடைத்த முடிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, அவற்றிலிருந்து சராசரி காண்பார்கள். ஆய்வேட்டில் இன்னும் முழுமையாக வெளிவராத முதற்கட்ட முடிவுகளை என்ன செய்வார்கள் தெரியுமா? தூக்கி எறிவதும் இல்லை, சராசரியில் சேர்ப்பதும் இல்லை. ‘கீழ்க்காண்பவை சராசரிக்குப் பயன்படுத்தப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதி, அதன்கீழே அச்சிட்டு விடுகிறார்கள். வேண்டுபவர் பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சின் பட்டியலும் இதையே செய்யட்டும் என்கிறேன். வெளியீட்டுப் பதிப்புகளுக்கு மட்டுமே வரிசை எண் இருக்கட்டும். எஞ்சினின் பெயருக்கு அடியில், வரிசை எண் இல்லாமல், சிறிய எழுத்தில் வளர்நிலைப் பதிப்பும் இருக்கட்டும். அதன் தேதி, அடையாளக் குறி, ஆட்ட எண்ணிக்கை, பிழை வரம்பு நான்கும் கூடவே இருக்கட்டும். அதன் ஆட்டங்கள் மற்றவர்களின் தர எண்ணைக் கணக்கிடப் பயன்பட வேண்டாம். எந்தப் பதிப்பைச் சோதிப்பது என்பதைச் சோதனைக்கு முன்பே நாட்காட்டி தீர்மானிக்கட்டும்: காலாண்டின் முதல் தேதியன்று எது இருக்கிறதோ அதுவே. ‘நேற்று வந்தது நன்றாக ஆடுகிறதாமே, அதைப் போடுவோம்’ என்ற பேச்சு கூடாது. எடுத்ததைப் பாதியில் விடவும் கூடாது, முடிவு பிடிக்கவில்லை என்று அழிக்கவும் கூடாது.

‘இவ்வளவு பாடுபட்டு அதை ஏன் சேர்க்க வேண்டும்? ஃபிஷ்டெஸ்ட்தான் ஏற்கெனவே பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடிச் சோதிக்கிறதே?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அங்கே ஸ்டாக்ஃபிஷ் ஆடுவது ஸ்டாக்ஃபிஷோடுதான். அண்ணனும் தம்பியும் முற்றத்தில் மல்யுத்தம் செய்து பழகுவது போல. அண்ணனின் பிடிகள் எல்லாம் தம்பிக்குத் தெரியும். அங்கே கிடைத்த முன்னேற்றம், வேற்றூர் மல்லர்களிடம் பெரும்பாலும் அந்த அளவுக்குத் தெரிவதில்லை. வெளியார் சோதனை ஒன்று அவ்வப்போது வேண்டும். வெளியீட்டுக்கு இடையே பதினைந்து மாத இடைவெளி விழுகிற காலங்களில் மிகவும் வேண்டும்.

காத்திருப்பது எப்போதும் நட்டம் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2020 ஆகஸ்டு 6 அன்று ஸ்டாக்ஃபிஷில் நரம்பு வலை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு என்பவர் 2018-இல் கண்ட முறை அது. எஞ்சினின் வரலாற்றில் மிகப் பெரிய தாவல்களில் ஒன்று. அன்றே அதைப் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்று பலர் துடித்தார்கள். செப்டம்பர் 2 அன்று பன்னிரண்டாம் பதிப்பாக அது முறையாக வெளிவந்துவிட்டது. காத்திருக்க வேண்டியிருந்தது இருபத்தேழு நாட்கள். ஆயிரம் ஆட்டங்களை ஆடி முடிக்கக்கூட அந்த நாட்கள் போதா.

கடைசியாக, பட்டியலின் உச்சியில் இல்லாதவர்களைப் பற்றி ஒரு சொல். நூற்றுக்கணக்கான எஞ்சின்களில் பலவும் தனியொருவர், அலுவலகம் விட்டு வந்த மாலை வேளைகளில் எழுதியவை. அவருக்குத் தொண்டர் படை இல்லை. வாரம் மூன்று பதிப்பு இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை வெளியிட்டுவிட்டு, போன தடவை எழுபதாவது இடம், இந்தத் தடவை அறுபத்திரண்டாவது என்று மகிழ்பவர் அவர். பெரிய எஞ்சின்களின் இருபது இருபது பதிப்புகளும் வரிசை எண்ணோடு நுழைந்தால், ஓராண்டு உழைத்து முன்னேறிய பிறகும் அவர் நூற்று ஐம்பதாவது இடத்தில் நிற்பார். தம் எஞ்சின் வளர்ந்ததா தேய்ந்ததா என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து அவரால் கூற முடியாது.